‘கரண்ட் மட்டும் வெச்சு வுடுங்க மேடம்’

போன திங்கட்கிழமை தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு அக்கா இடுப்பு வலியோடு என்னிடம் வந்தார். காசிமேட்டில் மீன் விற்பவர், ஐம்பதைத் தொடும் வயது. இடுப்பில் பெல்ட். மகள் கையில் எம்.ஆர்.ஐ. கவர். ஏற்கெனவே இரண்டு இடங்களில் மொத்தம் இருபது நாள் ‘கரண்ட்’, அதாவது மெஷின் மாட்டி லேசான மின்சாரம் பாய்ச்சும் வைத்தியம், வைத்தாயிற்று. நான் முக்கால் மணி நேரம் பரிசோதித்து, நாலு பயிற்சி சொல்லிக்கொடுத்தேன். எழுந்து உட்கார்ந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா மேடம், கால மடக்கி நீட்டறதுக்கா ஆட்டோ புடிச்சு வந்தேன்? கரண்ட் மட்டும் வெச்சு வுடுங்க, போதும்."

இதைச் சொல்வது இந்த மாதத்தில் இவர் எத்தனையாவது ஆள் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ராயபுரம் பக்கம் பதினாலு வருடமாக பிசியோதெரபி பார்க்கிறேன். மாத்திரை தின்று வயிறு புண்ணாகி, "மருந்து இல்லாம ஏதாச்சும் பண்ணுங்க" என்று கேட்டுத்தான் பாதிப் பேர் வருகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் மருந்தில்லா வைத்தியம் என்றால் யாராவது தமக்கு எதையாவது செய்துவிட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. எண்ணெய் போட்டு நீவ வேண்டும், சுளுக்கு எடுக்க வேண்டும், பத்து போட வேண்டும், இழுத்து விட வேண்டும், மெஷின் வைக்க வேண்டும். நாமே செய்துகொள்வது அந்தக் கணக்கில் வராது. வீட்டில் யாராவது "டாக்டர் இன்னா பண்ணாங்க?" என்று கேட்டால், "ஒண்ணும் பண்ணல, எக்சர்சைஸ் சொல்லி அனுப்பிட்டாங்க" என்பதுதான் பதில்.

சரி, கரண்ட் விஷயத்துக்கு வருகிறேன். வைத்தால் இதமாக இருக்கும், மறுக்கவில்லை. இருபது நிமிடம் படுத்திருக்கிறீர்கள், மேலே ஃபேன் ஓடுகிறது, இடுப்பில் குறுகுறுவென்று ஏதோ ஓடுகிறது. பல பேருக்கு வாரத்தில் கிடைக்கிற ஒரே ஓய்வு அதுதான். ஆனால் அது ஜவ்வை (முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்) உள்ளே தள்ளாது. நரம்பை நிமிர்த்தாது. தேய்ந்ததை வளர்க்காது. வலியைக் கொஞ்ச நேரம் மறக்கடிக்கும், அவ்வளவுதான். சில பேருக்கு ஆட்டோ மூலக்கொத்தளம் தாண்டுவதற்குள் வலி திரும்பிவிடுகிறது. பிரிட்டனில் எந்த வைத்தியம் பலன் தரும் என்று வழிகாட்டும் நைஸ் அமைப்பு 2016ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே, இடுப்பு வலிக்கு டென்ஸ், ஐ.எஃப்.டி. (இரண்டும் கரண்ட் வைக்கும் மெஷின்கள்), அல்ட்ராசவுண்ட் (ஒலி அலை வைத்தியம்), இழுத்து விடும் டிராக்‌ஷன், பெல்ட் எதையும் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள். நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலும் டென்ஸ், அல்ட்ராசவுண்ட், டிராக்‌ஷன், பெல்ட் வேண்டாம் என்கிறது. பரிந்துரைத்த பட்டியலில் உடற்பயிற்சி இருக்கிறது. மசாஜும் இருக்கிறது. ஆகவே பாட்டி நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்ப்பதை நான் திட்ட மாட்டேன். தேய்த்துவிட்டு எழுந்து நடங்கள் என்றுதான் சொல்வேன்.

இதில் எங்கள் ஆட்கள் மேலும் தப்பு இருக்கிறது. ‘பத்து சிட்டிங்’ என்று பேக்கேஜ் போட்டு, மெஷினை மாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறவர்கள் நாங்கள்தானே? மெஷின் வாங்கிய இ.எம்.ஐ. கட்ட வேண்டும், வாய் வலிக்கப் பேசுவதற்கு யாரும் காசு தருவதில்லை. நானும் ஆரம்பத்தில் சில வருடம் அப்படித்தான் ஓட்டினேன்.

அடுத்தது அந்த எம்.ஆர்.ஐ. கவர். "எல் 4, எல் 5 ஜவ்வு விலகிடுச்சாம், குனியவே கூடாதாம்." (இடுப்புப் பகுதி முதுகெலும்பில் நாலாவது, ஐந்தாவது எலும்புகளைத்தான் அப்படிச் சொல்வார்கள்.) ரிப்போர்ட்டைப் படித்ததிலிருந்து அந்த அக்கா கூடையைத் தொடவில்லை. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015ல் ஒரு ஆய்வு வந்தது. ஐம்பது வயதுக்காரர்களில் 80 சதவீதம் பேருக்கு ஜவ்வுத் தேய்மானம், 60 சதவீதம் பேருக்கு ஜவ்வுப் பிதுக்கம். மறுபடி சொல்கிறேன், வலியே இல்லாதவர்களுக்கு. தலை நரைப்பது போல இதுவும் ஒன்று. நரைக்கு யாராவது பெல்ட் கட்டுகிறார்களா?

படுத்தே கிடப்பதும் உதவாது. இரண்டு நாள் ஓய்வு எடுத்தவர்கள், ஏழு நாள் படுத்தவர்களைவிடச் சீக்கிரம் வேலைக்குத் திரும்பினார்கள் என்று அமெரிக்காவில் 1986லேயே காட்டிவிட்டார்கள். நம் ஊரில் இன்னும் ‘மூணு மாசம் பெட் ரெஸ்ட்’ சீட்டு வந்துகொண்டிருக்கிறது.

ஆனால் பயிற்சி வேண்டாம் என்பவர்கள் சொல்லும் காரணங்களை நான் சிரித்துத் தள்ளுவதில்லை. "ஒரே ரூம் மேடம், மாமனார் முன்னாடி எப்படிக் கால தூக்குவேன்?" நியாயம். அவர்களுக்குச் சுவரைப் பிடித்து, நின்றபடி செய்யும் பயிற்சிகளைத்தான் தருகிறேன். "நாலு குடம் தண்ணி மாடிக்குத் தூக்குறேன், அதுவே எக்சர்சைஸ்தானே?" இல்லைம்மா. அது வேலை. ஒரே பக்கம், ஒரே அசைவு, ஓய்வில்லாமல். எம்.சி. ரோடு ஜவுளிக் கடையில் நிற்கும் பெண்களுக்கும் இதையே சொல்கிறேன். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. ஸ்டூல் எங்கே என்று கேட்டால் ஒரு பெண் சொன்னாள்: "இருக்கு மேடம், அது மேல துணி அடுக்கி வெச்சிருக்காங்க."

அடுத்து நடைப்பயிற்சி. 2024ல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வில், இடுப்பு வலியிலிருந்து மீண்டவர்களைப் படிப்படியாக நடக்கப் பழக்கினார்கள். வாரம் ஐந்து நாள், அரை மணி நேரம் என்பது இலக்கு. நடக்காதவர்களுக்குப் பொதுவாக 112 நாளில் திரும்பிய வலி, நடந்தவர்களுக்கு 208 நாள் கழித்துத்தான் திரும்பியது. செலவு ஒரு ஜோடி செருப்பு. ராபின்சன் பூங்கா பக்கம் வீடு இருந்தால் சரி. கொருக்குப்பேட்டை கேட் பக்கமோ, கன்டெய்னர் லாரி உரசிப் போகும் எண்ணூர் ரோட்டிலோ இருப்பவர் எங்கே நடப்பார்? மொட்டை மாடியில் நடங்கள். அதுவும் இல்லையென்றால் தெருவுக்குள்ளேயே காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம்.

அந்த அக்காவிடம் அன்று பெல்ட்டைக் கழற்றச் சொன்னேன். புடவை மடிப்புக்கு மேலே, பட்டை அழுத்திய தடம் இரண்டு விரல் அகலத்துக்குச் சிவந்து கிடந்தது. "கீழே இருக்கிற உங்க செருப்பை எடுத்துக் கொடுங்க" என்றேன். அவர் மகளைப் பார்த்தார். இரண்டு மாதமாகக் கீழே விழும் எதையும் அவர் எடுப்பதில்லையாம், பேரன்தான் எடுப்பானாம். நான் பக்கத்தில் நின்றேன். முட்டியை மடக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பாதி குனிந்து நின்றார். "மூச்ச விடுங்கக்கா." விட்டார். செருப்பு கைக்கு வந்தது. மூன்றாவது முறை எடுக்கும்போது முகத்தில் சுளிப்பு இல்லை. அன்று கரண்ட் வைக்கவில்லை, கோபத்தோடுதான் போனார். வியாழக்கிழமை திரும்பி வந்தார், பெல்ட்டோடுதான். கட்டிக்கொண்டு வரவில்லை, பையில் இருந்தது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெடிக்கலில் பேரே இல்லாமல் கவரில் பிரித்துப் போட்டுத் தரும் மாத்திரையை வாங்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்ததைப் பார்த்திருக்கிறேன். சுகர், பிரஷர் இருப்பவர்கள் வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் கிட்னி கேள்வி கேட்கும். முதுகில் ஏறி மிதிக்கச் சொல்லாதீர்கள், தயவுசெய்து. ஆட்டோவுக்குக் காசில்லை என்பவர்கள் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், பிசியோதெரபி அங்கே இலவசம். எழுந்து வரவே முடியாதவர் வீட்டில் இருந்தால் அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்ட ஆட்களிடம் கேளுங்கள், வீட்டுக்கே வந்து பயிற்சி தருவார்கள்.

கடைசியாக, பயிற்சியும் வேண்டாம், நானும் வேண்டாம் என்கிற சில நேரங்கள் உண்டு. சாயங்காலக் காய்ச்சல், உடம்பு இளைப்பு, ராத்திரி படுத்தாலும் விடாத வலி இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள். முதுகெலும்பில் டி.பி. வருவது நம் ஊரில் அபூர்வமல்ல. வயதானவர் வழுக்கி விழுந்த பிறகு வந்த வலி என்றால் எக்ஸ்ரே எடுக்காமல் யாரையும் தொட விடாதீர்கள். பாதம் தூக்க வராமல் செருப்பு கழன்று போகிறது, உட்காரும் இடம் மரத்துப்போகிறது, சிறுநீர் வர மறுக்கிறது அல்லது தெரியாமல் போய்விடுகிறது என்றால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்காதீர்கள். ராத்திரி இரண்டு மணியானாலும் வண்டி பிடித்து நேராகப் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.