வாங்கிய பொருள் வழியில் தொலைந்தால் யாரைக் கேட்பது?

இணையத்தில் வாங்கிய பொருள் வந்து சேரவில்லை என்று ஆலோசனை கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு சுற்று அலைந்துவிட்டுத்தான் வருகிறார்கள். கூரியர் அலுவலகத்துக்கோ தபால் ஆபீசுக்கோ நேரில் போய், டிராக்கிங் எண்ணைக் காட்டி, கவுன்டரில் இருப்பவரிடம் வாக்குவாதம் செய்து, "அனுப்பியவரைக் கேளுங்க சார், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்ற பதிலோடு திரும்பியிருப்பார்கள். அலட்சியமாகத் தோன்றினாலும் சட்டப்படி அது ஏறத்தாழச் சரியான பதில். நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடத்தும் எங்களைப் போன்றவர்களும் முதலில் சொல்வது இதைத்தான்: பார்சலைத் தேடுவது உங்கள் வேலை அல்ல. நீங்கள் பணம் கொடுத்தது விற்பனையாளரிடம். பொருளை உங்கள் கையில் சேர்க்கும் பொறுப்பும் அவரிடமே இருக்கிறது.

கூரியர் நிறுவனத்தை அமர்த்தியவர் விற்பனையாளர். டெலிவரி கட்டணம் என்று உங்கள் பில்லில் தனியாக ஒரு தொகை இருந்தாலும், அதை நீங்கள் செலுத்தியது விற்பனையாளரிடமோ இணைய விற்பனைத் தளத்திடமோதான். கூரியர் ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் நிபந்தனைகளும் விற்பனையாளருக்கும் கூரியருக்கும் இடையிலானவை. அந்த நிபந்தனைகளுக்கு எவ்வளவு வலு உண்டு என்பதற்கு 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கைச் சொல்லலாம். வெளிநாட்டுக்கு அனுப்பிய ஆவணங்கள் உரிய நேரத்தில் சேராததால் பெரிய இழப்பு நேர்ந்ததாக அனுப்பியவர் கூறியபோதும், அவர் கையெழுத்திட்ட படிவத்தில் பொறுப்பு 100 டாலருக்கு மேற்படாது என்று இருந்ததால் அந்த வரம்பே அவரைக் கட்டுப்படுத்தும் என்று நீதிமன்றம் கூறிவிட்டது. அனுப்பியவருக்கே நிலைமை இது என்னும்போது, அந்த ஒப்பந்தத்தில் தரப்பினராக இல்லாத நீங்கள் கூரியரை மட்டும் எதிர்த்துப் போராடுவது வீண் அலைச்சலாகவே முடியும். வழக்கு என்று வந்தால் கூரியரையும் ஓர் எதிர்தரப்பாகச் சேர்ப்போம். ஆனால் அது பதிவேடுகளை வரவழைப்பதற்காகவே தவிர, பணம் அங்கிருந்து வரும் என்ற நம்பிக்கையில் அல்ல.

அஞ்சல் துறைக்கு இன்னும் உறுதியான சட்டக் கவசம் உண்டு. பொருள் தொலைந்தாலோ, தவறான இடத்தில் ஒப்படைக்கப்பட்டாலோ, தாமதமானாலோ அரசு வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட அளவுக்கு மேல் பொறுப்பில்லை என்று 1898ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டம் தன் 6ஆம் பிரிவில் சொன்னது. அந்தப் பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்து, 2024 ஜூன் 18 முதல் நடைமுறையில் இருக்கும் அஞ்சலகச் சட்டம், 2023 அதையே 10ஆம் பிரிவில் தொடர்கிறது. ஊழியர் மோசடியாகவோ வேண்டுமென்றோ செய்திருந்தால் மட்டுமே அவர் தனிப்பட்ட முறையில் பொறுப்பாவார். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிய பொருள் தொலைந்தால், கட்டணத்தின் இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுவே இழப்பீடு என்பது நீண்ட காலமாக இருந்துவரும் விதி. 80 ரூபாய் கட்டணத்தில் அனுப்பிய பட்டுப்புடவை தொலைந்தால் கிடைப்பது 160 ரூபாய். மதிப்பு அதிகமான பொருளை அஞ்சலில் அனுப்புகிற விற்பனையாளர் காப்பீடு செய்து அனுப்ப வேண்டும் என்று நாங்கள் வலியுறுத்துவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். காப்பீடு செய்யாத துணிச்சலின் விலையை வாங்கியவர் தலையில் கட்டக் கூடாது.

இனி, விற்பனையாளர் தரப்பு என்ன சொல்லும் என்பதையும் பார்த்துவிட வேண்டும். அவர்களுடைய வழக்கறிஞர்கள் எடுத்து நீட்டுவது சரக்கு விற்பனைச் சட்டம், 1930. அதன் 39ஆம் பிரிவின்படி, வாங்குபவருக்கு அனுப்புவதற்காகச் சரக்கைப் போக்குவரத்து நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டால், அது வாங்குபவரிடமே ஒப்படைத்ததாக முதல் தோற்றத்தில் கருதப்படும். "டெஸ்பாட்ச் ஆன பிறகு எங்களுக்குப் பொறுப்பில்லை" என்று வாட்ஸ்அப்பில் எழுதுகிறவர்களுக்கு இந்தப் பிரிவு தெரிந்திருக்காது. ஆனால் அவர்கள் சொல்வதற்கு ஆதாரமாக ஏதாவது உண்டென்றால் அது இதுதான். பிரிட்டனில் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம், பொருள் நுகர்வோர் கைக்கு வரும்வரை இழப்பு வணிகரையே சாரும் என்று ஒரே வரியில் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டது. நம் சட்டத்தில் அப்படி ஒரு நேரடியான வரி இல்லை. இருந்திருந்தால் இந்தக் கட்டுரையின் பாதி தேவைப்பட்டிருக்காது.

ஆனால் அந்த 39ஆம் பிரிவை முழுமையாகப் படிக்கிறவர்கள் குறைவு. "முதல் தோற்றத்தில்" என்ற சொல்லே, வேறுவிதமான உடன்பாடு இருந்தால் அதுவே செல்லும் என்பதற்கு இடம் வைக்கிறது. உங்கள் முகவரியில், குறிப்பிட்ட நாளுக்குள், வீட்டு வாசலில் ஒப்படைப்பதாகச் சொல்லியே இன்றைய இணைய விற்பனை நடக்கிறது; கூரியரிடம் கொடுத்ததோடு அந்த வாக்குறுதி நிறைவேறிவிடுவதில்லை. மேலும் அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, சரக்கின் தன்மைக்கும் மற்றச் சூழ்நிலைகளுக்கும் ஏற்ற நியாயமான போக்குவரத்து ஏற்பாட்டை விற்பனையாளர் செய்ய வேண்டும் என்றும், செய்யத் தவறி வழியில் பொருள் தொலைந்தால் அதைத் தன்னிடம் ஒப்படைத்ததாக ஏற்க வாங்குபவர் மறுக்கலாம் என்றும் கூறுகிறது. 8,000 ரூபாய் புடவையைப் பின்தொடரும் எண்கூட இல்லாத சாதாரணப் பார்சலில் அனுப்பிவிட்டு, போய்ச் சேரவில்லை என்றதும் கையை விரிக்கிற விற்பனையாளருக்கு இந்த உட்பிரிவே போதுமான பதில்.

இதற்கு மேல் 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் இருக்கின்றன. சொன்ன காலத்துக்குள் பொருள் வராவிட்டால் விற்பனையாளர் பணத்தைத் திருப்பித் தர மறுக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. வெள்ளம் போன்ற, மனிதக் கட்டுப்பாட்டை மீறிய காரணத்தால் ஏற்பட்ட தாமதத்துக்கு மட்டுமே விலக்கு உண்டு. தாமதமாக வந்த பொருளுக்கே இந்தக் கடமை என்றால், வரவே வராத பொருளுக்குப் பணம் தர மறுப்பதற்கு என்ன நியாயம் இருக்க முடியும்? தளத்துக்கும் கடமைகள் உண்டு. விற்பனையாளரின் பெயர், முகவரி, வாடிக்கையாளர் சேவை எண் ஆகியவற்றைக் காட்ட வேண்டும். ஒவ்வொரு புகாருக்கும் எண் தர வேண்டும். குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். "நாங்கள் வெறும் இடைத்தரகர்" என்று, இடைத்தரகர்களுக்குப் பொறுப்பிலிருந்து விலக்குத் தரும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவைக் காட்டித் தளங்கள் பதிலுரை தாக்கல் செய்வது வழக்கமாகிவிட்டது. பணத்தைப் பெற்றதும், தன் கிடங்கில் வைத்திருந்ததும், தன் சகோதர நிறுவனத்தின் வண்டியில் அனுப்பியதும் அதே தளம்தான் என்னும்போது அந்த வாதம் வலுவிழக்கிறது. ஆகவே பில்லையும் பார்சல் மேலுள்ள லேபிளையும் பார்த்து, யார் யார் பெயர் எங்கெங்கே இருக்கிறது என்று முதலில் குறித்துக்கொள்வோம்.

இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் புடவை, நகை, மசாலாப் பொடி விற்கிறவர்களுக்கு இவை பொருந்தாது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. தன் பழைய சைக்கிளை ஒருமுறை விற்கிற தனிமனிதருக்குத்தான் விதிகள் விலக்குத் தருகின்றன. தொடர்ச்சியாகவும் முறையாகவும் வணிகம் செய்கிறவர், அது வீட்டின் முன்னறையில் நடந்தாலும், விதிகளுக்கு உட்பட்டவரே. "பார்சல் பிரிக்கும் வீடியோ இல்லாமல் புகார் ஏற்கப்படாது" என்று அவர்கள் போடுகிற நிபந்தனை, உள்ளே இருந்த பொருள் மாறியது அல்லது சேதமானது என்ற புகாருக்கு ஓரளவு பொருந்தும். பார்சலே வராதவர் எதைப் பிரித்து வீடியோ எடுப்பார்?

இந்த வழக்குகளில் சட்டத்தைவிட அதிகம் தகராறுக்கு உள்ளாவது ஒரே ஒரு சொல்: "டெலிவர்டு". டிராக்கிங் பக்கத்தில் அந்தச் சொல் வந்துவிட்டால், தளத்தின் தானியங்கிப் பதில்கள் அதையே முடிந்த முடிவாகக் கொள்கின்றன. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் வாங்கிய கைபேசி விஷயத்தில் இதுவே நடந்தது. பிற்பகல் 2.40க்கு ஒப்படைத்ததாகப் பதிவு சொன்னது; அந்த நேரத்தில் அவர் கண் மருத்துவமனையில் இருந்ததற்குப் பணம் கட்டிய ரசீது இருந்தது. ஒப்படைத்ததற்கான சான்றைக் கேட்டு அறிவிப்பு அனுப்பியதும் ஒரு புகைப்படம் வந்தது. அதில் நீல நிற இரும்புக் கேட் ஒன்றின் முன்னால் பெட்டி இருந்தது. ஆசிரியையின் வீட்டில் கேட்டே கிடையாது. தெருவிலிருந்து நேராக மரக்கதவுதான். வழக்கு பதிலுரைக் கட்டத்தை எட்டும் முன்பே பணம் திரும்பி வந்துவிட்டது. தனக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய ஒரு செய்தியை அவரவரே மெய்ப்பிக்க வேண்டும் என்பது சாட்சியச் சட்டத்தின் பழைய விதி. யாரிடம், எங்கே, எந்த நேரத்தில் கொடுத்தார்கள் என்பது கொடுத்தவர்களுக்குத்தான் தெரியும். "எனக்கு வரவில்லை" என்பதை நீங்கள் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. "கொடுத்தோம்" என்பதை அவர்கள் மெய்ப்பிக்கட்டும்.

ஆனால் ஓடிபி சொல்லிவிட்டீர்களானால் நிலைமை தலைகீழாகிவிடும். "அக்கா, பார்சல் கீழே செக்யூரிட்டிகிட்ட வச்சிட்டேன், ஓடிபி மட்டும் சொல்லுங்க" என்ற அழைப்புக்கு, வேலை அவசரத்தில் நான்கு எண்களைச் சொல்லிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. அந்த எண்களே நீங்கள் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தாகக் கருதப்படும். பிறகு அதை முறியடிப்பது கடினம். பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுங்கள் என்று நீங்களே சொல்லி, பக்கத்து வீட்டுக்காரர் தொலைத்துவிட்டால் அதற்கும் விற்பனையாளர் பொறுப்பல்ல. கதவு எண்ணையோ பின்கோடையோ நீங்கள் தவறாகக் கொடுத்திருந்தாலும் அப்படித்தான்.

பொருள் வரவில்லை என்று தெரிந்த அன்றே எழுத்தில் புகார் பதியுங்கள். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து அரை மணி நேரம் பேசியதற்கு ஆணையத்தில் எந்த மதிப்பும் இல்லை. மின்னஞ்சலுக்கும் புகார் எண்ணுக்கும் உண்டு. ஆர்டர் பக்கம், வாக்குறுதி அளித்த தேதி, டிராக்கிங் விவரம் ஆகியவற்றைத் திரைப்பிடிப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சில மாதங்களில் அந்தப் பக்கங்கள் மறைந்துவிடுவது உண்டு. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு மின்னணு ஆவணங்களுக்குச் சான்றிதழ் கேட்கிறது. அதைப் பின்னர் தயாரித்துக்கொள்ளலாம், இல்லாத படத்தைத் தயாரிக்க முடியாது. கிரெடிட் கார்டில் செலுத்தியிருந்தால், பொருள் வரவில்லை என்ற காரணத்தைக் காட்டி வங்கியிடம் அந்தப் பரிவர்த்தனையை ஆட்சேபிக்கலாம். அதற்குக் காலவரம்பு உண்டு என்பதால், தளத்தின் பதிலுக்காகக் காத்திருந்து அதைக் கோட்டைவிடாதீர்கள். தனிநபரின் எண்ணுக்கு யுபிஐயில் அனுப்பியவர்களுக்கு இந்த வழி பெரும்பாலும் இல்லை.

கூரியர் நிறுவனத்தின் உதவி எண்ணை இணையத்தில் தேடி எடுப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. தொலைந்த பார்சலைத் தேடுகிறவர்களைக் குறிவைத்தே போலி எண்கள் உலவுகின்றன. "முகவரியைச் சரிசெய்ய 5 ரூபாய் செலுத்துங்கள்" என்று ஒரு லிங்க் வரும், அதைத் தொட்டால் கணக்கே காலியாகும். அப்படி நடந்துவிட்டால் உடனே இணைய மோசடிகளுக்கான உதவி எண் 1930க்கு அழைக்க வேண்டும். நுகர்வோர் புகாருக்கான தேசிய உதவி எண் 1915 என்பது வேறு. அங்கே பதிகிற புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். கட்டாயப்படுத்தும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை என்றாலும், பெரிய தளங்கள் பல புகார்களை இந்தக் கட்டத்திலேயே தீர்த்துவிடுகின்றன.

தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் எதிர்தரப்பினர் இருக்கும் இடத்திலோ, வழக்குமூலம் (வழக்குக்குக் காரணமான நிகழ்வு) எழுந்த இடத்திலோதான் வழக்குப் போட முடிந்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்ய வழி செய்துவிட்டது. தளத்தின் நிபந்தனைகளில் "பெங்களூரு நீதிமன்றங்களுக்கே அதிகாரம்" என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சட்டம் கொடுத்த உரிமையை அந்த வரி பறித்துவிடாது என்றே நாங்கள் வாதாடுகிறோம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை, வழக்குமூலம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும், வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே நடத்தலாம். மறுவிற்பனைக்காக மொத்தமாக வாங்கியவர் நுகர்வோராகக் கருதப்படமாட்டார். அவர் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

கேட்கும் தொகையில் நிதானம் வேண்டும். 900 ரூபாய் குர்தாவுக்கு மன உளைச்சல் இழப்பீடாக 5 லட்சம் கேட்டு வரைவைத் தயாரித்துக்கொண்டு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பொருளின் விலை, பணம் செலுத்திய நாளிலிருந்து வட்டி, அலைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, வழக்குச் செலவு என்று கேட்கிற மனுவை ஆணையம் அக்கறையோடு படிக்கிறது. மற்றதைப் படிக்கும்போது உறுப்பினர்களின் முகத்தில் தெரிகிற சிரிப்பை எதிர்தரப்பு வழக்கறிஞரும் கவனித்துக்கொண்டுதான் இருப்பார்.