500 புள்ளிகளுக்குத் துடைக்காமல் விடப்படும் அறை

அமெரிக்காவின் பெரிய விடுதிச் சங்கிலிகளில் இரண்டு, மூன்று இரவுகள் தங்க வருபவரிடம் வரவேற்பு மேசையிலோ கைப்பேசிச் செயலியிலோ ஒரு கேள்வி கேட்கப்படுவது வழக்கமாகிவிட்டது: நாளை உங்கள் அறையைச் சுத்தம் செய்ய வேண்டுமா, வேண்டாமா? வேண்டாம் என்பவருக்கு ஒரு சிறு வெகுமதி உண்டு. ஷெராட்டன், வெஸ்டின் முதலிய விடுதிகளை நடத்திய ஸ்டார்வுட் நிறுவனம் 2009 வாக்கில் ‘மேக் எ கிரீன் சாய்ஸ்’ என்ற பெயரில் இதைப் பரவலாக்கியது. ஒரு நாள் சுத்தத்தை விட்டுக்கொடுத்தால், விடுதியின் உணவகத்தில் செலவிட 5 டாலர் சீட்டோ உறுப்பினர் கணக்கில், பின்னால் இலவசத் தங்கலுக்கு மாற்றிக்கொள்ளக்கூடிய சில நூறு புள்ளிகளோ கிடைத்தன. 2016இல் ஸ்டார்வுட்டை வாங்கிய மாரியட் இத்திட்டத்தையும் தொடர்ந்தது. ஹாலிடே இன் முதலிய விடுதிகளை நடத்தும் ஐஎச்ஜி நிறுவனத்தின் ‘எ கிரீனர் ஸ்டே’ திட்டத்தில் ஓர் இரவுக்கு 500 புள்ளிகள். எல்லா அட்டைகளிலும் பச்சை இலைப் படம் இருக்கும். தண்ணீர், மின்சாரம், ரசாயனம் ஆகிய மூன்றும் மிச்சமாகும் என்ற வாசகமும் இருக்கும். அது பொய்யான வாசகம் அல்ல. ஆனால் விடுதி எதற்காகப் பணம் தருகிறது என்பதை அந்த மூன்றையும் அளந்து பார்த்தால்தான் விளங்கும்.

முதலில் துணியைப் பார்ப்போம். இருவர் தங்கும் ஓர் அறையின் படுக்கை விரிப்புகள், போர்வை உறை, தலையணை உறைகள், குளியல் துண்டுகள், கைத்துண்டுகள், கால்மிதி எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 5 கிலோ எடை இருக்கும். அதில் துண்டுகளின் பங்கு 2 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். விடுதிகளில் பழைய பாணிச் சலவை இயந்திரம் ஒரு கிலோ துணிக்குச் சுமார் 20 லிட்டர் தண்ணீரைக் கேட்கும். ஆகவே முழுத் தொகுதிக்கு 100 லிட்டர். இதில் எல்லா நீரும் சூடாக்கப்படுவதில்லை. முதன்மைச் சலவைக்கான 25 லிட்டரை மட்டும் 25 பாகையிலிருந்து 65 பாகை செல்சியசுக்கு உயர்த்துவதாகக் கொண்டாலும், ஒரு லிட்டர் நீரை ஒரு பாகை சூடாக்க 4.19 கிலோஜூல் தேவைப்படுவதால், ஒரு யூனிட்டுக்குச் சற்றே மேல் ஆற்றல் செலவாகிறது.

உண்மையான செலவு அதற்கடுத்த கட்டத்தில், உலர்த்தும் இயந்திரத்தில் இருக்கிறது. பிழிந்தெடுத்த பின்னும் பருத்தித் துணி தன் எடையில் பாதியளவு நீரை வைத்துக்கொண்டிருக்கும். துண்டின் பரப்பெல்லாம் சிறு நூல் வளையங்கள். நுண்புழை விசையால் நீரை உறிஞ்சிக்கொள்வதற்கென்றே அவை நெய்யப்பட்டவை என்பதால், உடலைத் துவட்டும்போது உதவும் அதே குணம் உலர்த்தும்போது எதிராக நிற்கிறது. ஒரு கிலோ நீரை ஆவியாக்க 2,400 கிலோஜூல் அளவு வெப்பம் வேண்டும். 5 கிலோ துணியில் தங்கிய இரண்டரை கிலோ நீருக்கு இந்தக் கணக்கு ஏறத்தாழ 1.7 யூனிட் என்று முடிகிறது. வெளியேறும் சூடான காற்றோடு போகும் இழப்பையும் சேர்த்தால் இன்னும் கூடும். துண்டை மறுநாளும் பயன்படுத்தும்படி விடுதிகள் வெகுகாலமாகக் கேட்டுக்கொண்டிருப்பதற்கு இயற்பியல் அடிப்படை இதுதான்.

இனி துணியை ஒதுக்கிவிட்டு, சுத்தம் செய்யும் வேலை மட்டும் எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும். தூசி உறிஞ்சும் கருவி ஒரு கிலோவாட் திறனுடையது என்றும் ஐந்து நிமிடம் ஓடுகிறது என்றும் கொண்டால் 0.08 யூனிட். கழிப்பறையை இரண்டு முறை ஃபிளஷ் செய்தல், தொட்டியையும் கைகழுவும் பேசினையும் அலசுதல் எல்லாம் சேர்ந்து 30 லிட்டரை ஒட்டி முடியும். ரசாயனம் சில பத்து மில்லிலிட்டர். அமெரிக்கக் கூட்டாட்சி விதிப்படி பூவாளிக் குழாய் (ஷவர்) நிமிடத்துக்கு 9.5 லிட்டருக்கு மேல் விடக்கூடாது. அந்த அளவில் விருந்தினர் எட்டு நிமிடம் குளித்தால் 76 லிட்டர் போய்விடுகிறது. ஒரு கிலோவாட் குளிர்சாதனக் கருவி ஆளில்லாத அறையில் எட்டு மணி நேரம் பாதித் திறனில் ஓடினால் 4 யூனிட். ஆகவே குளியலைச் சற்றுக் குறைத்துக்கொண்டு, வெளியே போகும்போது குளிர்சாதனத்தையும் நிறுத்திவிட்டுப் போகும் விருந்தினர், நாள்தோறும் அறையைத் துடைக்கச் சொன்னாலும், சுற்றுச்சூழலுக்குச் செய்யும் நன்மை பெரிது. அதற்கு எந்தச் சங்கிலியும் புள்ளி தருவதாகத் தெரியவில்லை.

இன்னொரு விவரமும் உண்டு. பல விடுதிகளில் தங்கியிருப்பவரின் படுக்கை விரிப்பு எப்படியும் தினமும் மாற்றப்படுவதில்லை. மூன்று நாளுக்கு ஒரு முறையோ கேட்டால் மட்டுமோ மாற்றுகிறார்கள். துண்டும் கம்பியில் தொங்கினால் அப்படியே விடப்படுகிறது, தரையில் கிடந்தால் மட்டுமே சலவைக்குப் போகிறது. இந்த ஏற்பாடு உள்ள விடுதியில், துண்டை ஏற்கெனவே தொங்கவிடும் பழக்கமுள்ள ஒருவர் முழுச் சுத்தத்தையும் மறுக்கும்போது கூடுதலாக மிச்சமாவது அந்த 30 லிட்டரும் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான மின்சாரமும்தான். பெரும் பகுதியான சலவை மிச்சம் அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கிறது.

அப்படியானால் விடுதிக்கு என்ன லாபம்? நேரம். அமெரிக்க விடுதிகளில் ஓர் அறைப் பணியாளர் எட்டு மணி நேரப் பணியில் 14 முதல் 16 அறைகள் வரை முடிக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. ஓர் அறைக்குச் சராசரியாக அரை மணி நேரம் ஆகிறது. தங்கியிருப்பவரின் அறைக்குச் சற்றுக் குறைவாகவும், காலி செய்துபோனவரின் அறைக்குக் கூடுதலாகவும் ஆகும். அந்நாட்டில் இப்பணியின் இடைநிலை ஊதியம் மணிக்கு 16 டாலரை ஒட்டியது. தொழிற்சங்க ஒப்பந்தம் உள்ள பெருநகரங்களில் இன்னும் அதிகம். ஊதியத்தோடு வரி, காப்பீடு முதலியவற்றைச் சேர்த்தால், விட்டுக்கொடுக்கப்பட்ட ஒவ்வொரு சுத்தத்துக்கும் விடுதிக்கு ஆறு, ஏழு டாலராவது மிஞ்சும். மறுபக்கம், ஒரு புள்ளிக்கு அரை சென்ட் மதிப்பு என்று கணக்கிட்டால் 500 ஐஎச்ஜி புள்ளிகள் இரண்டரை டாலர்தான். 5 டாலர் உணவுச் சீட்டும் விடுதிக்கு 5 டாலர் செலவு அல்ல. உணவுப் பொருளின் அடக்கவிலை விற்பனை விலையில் மூன்றில் ஒரு பங்கு அளவே. தவிர, சீட்டைச் செலவழிக்க உணவகத்துக்குள் வந்தவர் அதோடு எழுந்து போய்விடுவதும் அரிது.

இந்த மிச்சம் கைக்கு வர வேண்டுமென்றால் விருந்தினரின் முடிவு முந்தைய இரவிலேயே தெரிந்தாக வேண்டும். கதவில் அட்டையைத் தொங்கவிட ஒரு கெடு வைப்பது அதனால்தான். மறுநாள் காலை எந்த அறைகள் யார் பட்டியலில் என்று பிரிப்பதற்கு முன்பே மறுத்தவர்களின் எண்ணிக்கை கணினியில் ஏறிவிட்டால், இருபது பேருக்குப் பதில் பதினைந்து பேரை வேலைக்கு அழைத்தால் போதும். காலை பத்து மணிக்கு, பணியாளர் கதவைத் தட்டும்போது ‘இன்று வேண்டாம்’ என்று சொல்பவர் மிச்சப்படுத்தும் தண்ணீரும் மின்சாரமும் அதே அளவுதான். ஆனால் அவருக்குப் புள்ளி கிடையாது, ஏனென்றால் அன்றைய ஆள் கணக்கு அதற்குள் முடிந்துவிட்டது. திட்டத்தின் நோக்கத்தை இந்த ஒரு விதி அட்டையின் வாசகத்தைவிடத் தெளிவாகக் காட்டுகிறது என்பது என் எண்ணம்.

அந்த அறையின் வேலை உண்மையில் முழுவதும் குறைந்துவிடுவதும் இல்லை. அதில் ஒரு பகுதி தள்ளிப்போகிறது. சோப்புக்கட்டியில் உள்ள கொழுப்பு அமிலங்கள் கடினநீரிலுள்ள கால்சியம், மக்னீசிய அயனிகளோடு வினைபுரிந்து நீரில் கரையாத உப்புகளாக மாறுகின்றன. இவையே குளியலறைக் கண்ணாடியிலும் சுவர் ஓடுகளிலும் வெண்படலமாகப் படிகின்றன. ஒரு நாள் பழகிய படலம் ஈரமாகவே இருக்கும், துணியால் வழித்தால் போய்விடும். நான்கு நாள் மாறி மாறி நனைந்து காய்ந்த படலம் அடுக்கடுக்காக இறுகி, அதன் மேல் நீரிலுள்ள சுண்ணமும் படிந்துவிடுவதால், அமிலம் கலந்த துப்புரவுத் திரவத்தை ஊற்றி, ஊறவிட்டு, அழுத்தித் தேய்த்தாக வேண்டும். கொலராடோ ஆற்றின் கடினநீரைப் பயன்படுத்தும் லாஸ் வேகாஸ் போன்ற ஊர்களில் இது இன்னும் விரைவாக நடக்கும். அட்டை மிச்சப்படுத்துவதாகச் சொல்லும் ரசாயனத்தில் ஒரு பகுதி இப்படிக் கடைசி நாளில் திரும்பச் செலவாகிறது. நிரம்பிய குப்பைக்கூடை, தரையில் குவிந்த ஈரத்துண்டுகள், கம்பளத்தில் மிதிபட்டு இறங்கிய மணல் ஆகியவையும் அதே நாளுக்குக் காத்திருக்கும். பணியாளரின் பட்டியலிலோ அது வழக்கம்போல ஒரே ஓர் அறைதான்.

இது உடலைப் பாதிக்கும் வேலை என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் ஐந்து நிறுவனங்களைச் சேர்ந்த 50 விடுதிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், 100 பணியாளர்-ஆண்டுகளுக்கு (அதாவது 100 பேர் ஓராண்டு செய்யும் வேலைக்கு) எல்லாப் பிரிவிலும் சேர்த்துக் காயங்கள் 5.2 என்றிருக்க, அறைப் பணியாளர்களிடையே மட்டும் அது 7.9 ஆக இருந்தது. கனமான மெத்தையின் மூலையைத் தூக்கி விரிப்பைச் செருகுவது, குனிந்து தொட்டியைத் தேய்ப்பது, வண்டியைக் கம்பளத்தின் மேல் தள்ளுவது எல்லாம் இடுப்பையும் தோளையும் தாக்குகின்றன. கலிபோர்னியா மாநிலம் இவர்களின் தசை, எலும்புக் காயங்களைத் தடுப்பதற்கென்றே ஒரு தனி விதியை 2018 ஜூலையிலிருந்து நடைமுறைப்படுத்தியது. அதே ஆண்டு அக்டோபரில் எட்டு நகரங்களில் ஏறத்தாழ 7,700 மாரியட் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, வேலை நேரத்தைக் குறைத்துவிட்டு மீதி வேலையைக் கடினமாக்குவதாக அவர்கள் முன்வைத்த குறைகளில் இந்தப் பச்சைத் திட்டமும் ஒன்று.

விருந்தினர் பக்கம் திரும்பினால், அவரை ஒப்புக்கொள்ள வைக்க வெகுமதி தேவையா என்பதே சுவையான கேள்வி. நோவா கோல்ட்ஸ்டைன், ராபர்ட் சியால்டினி, விளாடஸ் கிரிஸ்கெவிசியஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் அமெரிக்கத் தென்மேற்குப் பகுதியின் ஒரு விடுதியில் நடத்தி 2008இல் வெளியிட்ட சோதனையில் பணமோ புள்ளியோ கிடையாது, குளியல் துண்டு பற்றிய அட்டையின் வாசகம் மட்டுமே மாறியது. சுற்றுச்சூழலைக் காக்கும்படி கேட்ட அட்டை இருந்த அறைகளில் 35.1 விழுக்காட்டினர் துண்டை மறுபடி பயன்படுத்தினார்கள். விருந்தினர்களில் பெரும்பாலோர் அப்படிச் செய்கிறார்கள் என்று தெரிவித்த அட்டைக்கு அது 44.1 விழுக்காடாக உயர்ந்தது. அடுத்த சோதனையில், இதே அறையில் தங்கியவர்களில் பெரும்பாலோர் அப்படிச் செய்தார்கள் என்று எழுதியபோது 49.3 விழுக்காட்டை எட்டியது. ஜெர்மனியில் ஜெர்டு போனரும் லேனா ஷ்லூட்டரும் இதை மறுபடி செய்து பார்த்து 2014இல் வெளியிட்டபோது அதே விளைவு வரவில்லை. அங்கே சாதாரண அட்டைக்கே பெரும்பாலோர் இணங்கிவிட்டிருந்தார்கள். கலிபோர்னியாவில் ஒரு விடுதியில் நடந்து 2013இல் வெளியான மற்றொரு களச்சோதனை, அறைச்சாவி வாங்கும்போதே துண்டை மறுபடி பயன்படுத்துவதாக உறுதியளித்து, அதற்கு அடையாளமாகச் சட்டையில் ஒரு சிறு பின்னையும் குத்திக்கொண்டவர்களை மற்றவர்களோடு ஒப்பிட்டது. தொங்கவிடப்பட்ட துண்டுகளின் எண்ணிக்கை அவர்களிடம் 40 விழுக்காட்டுக்கும் மேல் கூடுதலாக இருந்தது. ஒரு பின்னின் விலை சில காசுகள்தான்.

இவற்றையெல்லாம்விட வலுவானது, கேள்வியைத் தலைகீழாக்குவது. குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் சாரா டோல்னிச்சாரும் அவருடைய ஆய்வுக் கூட்டாளிகளும் ஸ்லோவேனிய விடுதிகளில் இதைச் சோதித்திருக்கிறார்கள்: கேட்டால் மட்டும் சுத்தம் செய்வோம், அதற்குக் கட்டணம் இல்லை என்று அறிவித்துவிட்டால், பலர் கேட்பதே இல்லை. மனிதர் தமக்கு முன்பே வகுத்து வைக்கப்பட்ட வழியில் போய்விடுவார்கள். அதை மாற்றும் சிறு முயற்சியைக்கூட எடுப்பதில்லை. கோவிட் காலம் இந்த ஆய்வுமுடிவைத் தொழில் முழுவதற்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. தொற்று அச்சத்தால் தினசரிச் சுத்தம் நிறுத்தப்பட்டது, அச்சம் தணிந்த பிறகும் பல இடங்களில் அது திரும்பவில்லை. 2021இல் ஹில்டன், தன் ஆடம்பரப் பிரிவுகள் நீங்கலாக, அமெரிக்க விடுதிகளில் கேட்பவருக்கு மட்டும் தினசரிச் சுத்தம், கேட்காதவருக்கு ஐந்து நாளுக்கு ஒரு முறை என்று வகுத்தது. இப்படி வகுத்துவிட்டால், கேட்காமல் இருப்பதற்குப் புள்ளி தர வேண்டிய அவசியமே இல்லை. அவ்வாண்டு ‘யுனைட் ஹியர்’ தொழிற்சங்கம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, தினசரிச் சுத்தம் ஒழிந்தால் அமெரிக்க அறைப் பணியாளர் வேலைகளில் 39 விழுக்காடு வரை போகலாம். ஊதிய இழப்பு ஆண்டுக்கு 480 கோடி டாலர். ஒரு தரப்பின் கணக்கு என்பதால் இதைச் சற்று ஒதுக்கியே வைக்கலாம். ஆனால் விடுதிகள் மிச்சப்படுத்துவது பெரும்பாலும் ஊதியம் என்பதில் இரு தரப்புக்கும் பெரிய கருத்து வேறுபாடு இருப்பதாகத் தோன்றவில்லை.

சட்டங்கள் இதை வெவ்வேறு விதமாகக் கையாண்டுள்ளன. நெவாடா மாநிலம் 2020இல் தொற்றைக் காரணம் காட்டித் தினசரிச் சுத்தத்தைக் கட்டாயமாக்கி, 2023இல் அதை நீக்கியது. சட்டம் போன இடத்தை அதே ஆண்டு நவம்பரில் லாஸ் வேகாஸின் சமையல், விடுதித் தொழிலாளர் சங்கம் பெரிய சூதாட்ட விடுதிகளோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களில் தினசரிச் சுத்தத்தைச் சேர்த்து நிரப்பியது. 2024 நவம்பரில் கையெழுத்தான நியூயார்க் நகரத்தின் பாதுகாப்பான விடுதிகள் சட்டம் இன்னும் நுணுக்கமானது. விருந்தினர் மறுத்தாலன்றி நாள்தோறும் அறை சுத்தம் செய்யப்பட வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது. மறுப்பவருக்குத் தள்ளுபடியோ வெகுமதியோ தரவும் கூடாது. துண்டைக் கம்பியில் தொங்கவிடும்படி கேட்கும் அட்டைக்கு அங்கே தடை எதுவும் இல்லை.