கண்ணாடிக்குள் உட்கார்ந்திருக்கும் ஆறாவது ஆள்

"ஒரே கம்பெனி வண்டிதானே சார்? அங்கே கம்பெனியிலேருந்தே கறுப்பா வருது. இங்கே நான் காசு குடுத்து ஒட்டினா ஃபைன் போடறாங்க. என்ன நியாயம் இது?"

கேட்டவர் காவேரிப்பட்டணத்தில் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிற நண்பர். அவருடைய தங்கை மகன் அமெரிக்காவில் வேன் வாங்கி, படம் அனுப்பியிருந்தான். முன்கண்ணாடி வெளிச்சமாக இருக்கிறது. பின்னால் இருப்பதெல்லாம் காக்கா நிறம். இவர் வண்டியில் ஒட்டியிருந்த கூலிங் பேப்பரையோ தொப்பூர் கணவாய் தாண்டி நிறுத்தி, அங்கேயே உரிக்க வைத்து அபராதமும் வாங்கிவிட்டார்கள். டீக்கடையில் ஆரம்பித்த பதில் இரண்டு டீ ஆறியும் முடியவில்லை. மீதி இங்கே.

சட்டப் பக்கத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அது சின்னது. அமெரிக்காவில் கார் என்றால் எல்லாக் கண்ணாடியும் 70 சதவீத வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும். வேன், எஸ்யூவி, பிக்கப் போன்றவற்றுக்கு முன்கண்ணாடியும் முன்கதவுக் கண்ணாடிகளும் மட்டும் அப்படி இருந்தால் போதும். அதனால்தான் அங்கே ஒரே கம்பெனியின் காரில் பின்கண்ணாடி வெளுப்பாகவும் வேனில் கறுப்பாகவும் வருகிறது. நம் ஊரில் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100ஆவது விதி வண்டி வகை பார்ப்பதில்லை. முன்னும் பின்னும் 70, பக்கவாட்டில் 50, அவ்வளவுதான். 2012இல் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போய், எந்த அளவாக இருந்தாலும் ஃபிலிம், அதாவது கூலிங் பேப்பர், ஒட்டக் கூடாது என்றது. விதி பின்னால் திருத்தப்பட்டது. அதன்படி 70, 50 குறையாமல் இருந்தால் ஒட்டலாம் என்று 2024இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. இந்த 70, 50 ஆகிய இரண்டு எண்களை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் ஒரு கணக்குக்கு வேண்டும்.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

ஃபேக்டரியிலிருந்து நிறத்தோடு வரும் கண்ணாடியில் உரிக்க எதுவும் கிடையாது. நிறம் மேலே பூசியதில்லை, உருக்கும்போதே உள்ளே கலந்தது. வீட்டு ஜன்னலுக்கு வாங்கிய வெறும் கண்ணாடித் துண்டை எடுத்து, ஓரத்தைப் பாருங்கள். நேராகப் பார்த்தால் நிறமே இல்லாத அதே கண்ணாடி, ஓரத்தில் வாழைக்குருத்துப் பச்சையாகத் தெரியும். நேராகப் பார்க்கும்போது வெளிச்சம் நாலு மில்லிமீட்டர்தான் கண்ணாடிக்குள் நடக்கிறது. ஓரத்தில் பார்க்கும்போது ஒரு சாண், இரண்டு சாண் நடந்து வருகிறது. அவ்வளவு தூரம் வந்தபிறகுதான் உள்ளே யாரோ வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறார்கள் என்பது தெரிகிறது.

தின்பது இரும்பு. கண்ணாடி என்பது மணல், சோடா, சுண்ணாம்பு மூன்றையும் 1500 டிகிரிக்கு மேல் உருக்கியது. எந்த மணலிலும் கொஞ்சம் இரும்பு இருக்கும். சாதாரண ஜன்னல் கண்ணாடியில் இரும்பு ஆக்சைடு ஆயிரத்தில் ஒரு பங்கு. கார், லாரி, பஸ் எல்லாவற்றிலும் நாம் பார்க்கும் இளம்பச்சைக் கண்ணாடியில் அதைப்போல ஐந்து, ஆறு மடங்கு, வேண்டுமென்றே போட்டது. அந்த அமெரிக்க வேனின் கறுப்புக் கண்ணாடியில் இன்னும் அதிகம்.

இரும்பு நமக்குப் புதிதில்லை. தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி வரும் வழியெல்லாம் மண் சிவந்து கிடப்பது இரும்பால்தான். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தபோது, ஊரே நெஞ்சு நிமிர்த்தியது. சரி, மண்ணைச் சிவப்பாக்கும் அதே இரும்பு கண்ணாடியை ஏன் பச்சையாக்குகிறது?

கண்ணாடிக்குள் இரும்பு இரண்டு வேஷத்தில் இருக்கிறது. இரண்டு எலக்ட்ரானை இழந்தது ஒன்று, ஃபெரஸ். மூன்றை இழந்தது இன்னொன்று, ஃபெரிக். பத்தாம் வகுப்பில் படித்துவிட்டு மறந்திருப்பீர்கள். ஒரே ஒரு எலக்ட்ரான்தான் வித்தியாசம். ஆனால் ஒன்று வெயிலின் சூட்டைக் கூட்டத்தோடு விழுங்கும், இன்னொன்று அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரண உயரத்தில் மூன்று சீட்டு. டயருக்கு மேலே, முழங்கால் மடக்கி ஏற வேண்டிய உயரத்தில் இரண்டு சீட்டு. இரும்பின் வெளிக்கூட்டில் எலக்ட்ரான்களுக்கு இருப்பது இந்த ஐந்து சீட்டுதான். தனி இரும்பில் ஐந்தும் ஒரே உயரம். கண்ணாடிக்குள் சுற்றிலும் ஆக்சிஜன்கள் வந்து நெருக்குவதால் மூன்று தாழ்ந்து, இரண்டு உயர்ந்துவிடுகின்றன. ஒரு சீட்டில் இரண்டு பேர் உட்காரலாம், ஆனால் ஒருவர் கிழக்கே பார்த்தால் மற்றவர் மேற்கே பார்த்துத்தான் உட்கார வேண்டும். இது இயற்கையின் கண்டிப்பான விதி.

ஃபெரிக்கில் ஐந்து பேர். ஆளுக்கொரு சீட்டு, ஐந்து பேரும் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். இப்போது வெளிச்சம் உள்ளே வந்து, கீழே இருப்பவரிடம் "எழுந்து டயர் சீட்டுக்குப் போ" என்று தள்ளுகிறது. அங்கே ஏற்கெனவே ஒருவர் கிழக்கே பார்த்து இருக்கிறார். போகிறவர் மேற்கே திரும்ப வேண்டும். வெளிச்சத்துக்கு ஆளைத் தூக்கத் தெரியும், திருப்பத் தெரியாது. ஆகவே யாரும் நகருவதில்லை, வெளிச்சம் போன வழியே போய்விடுகிறது. எப்போதாவது ஒரு நீல ஒளித்துகள் மட்டும் ஏமாந்து மாட்டும். அதனால் லேசான மஞ்சள். புற ஊதாவை ஃபெரிக் நன்றாகத் தடுக்கும், ஆனால் அது வேறு வழியில் நடப்பது.

ஃபெரஸில் ஆறு பேர். ஆறாவது ஆள் ஏறும்போது காலி சீட்டு இல்லை. கீழ் சீட்டில் ஒருவரோடு ஒண்டிக்கொண்டு, மேற்கே பார்த்து உட்காருகிறார். இவர்தான் என் நாயகன். டயர் சீட்டுக்குப் போக இவர் திரும்ப வேண்டியதே இல்லை, ஏற்கெனவே மேற்கே பார்த்துத்தான் இருக்கிறார்! தூக்கிவிட ஒரு ஒளித்துகள் வந்தால் போதும், எழுந்து போய் உட்கார்ந்துவிடுவார். தூக்கத் தேவையான சக்தியைக் கணக்கிட்டால், ஏறக்குறைய 1050 நானோமீட்டர் அலைநீளம் வருகிறது. நம் கண் 700 வரைதான் பார்க்கும். ஆக இவர் தின்பது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. வெயிலின் சக்தியில் பாதி அந்தப் பகுதியில்தான் வருகிறது.

இன்னொரு அழகும் இருக்கிறது. படிகத்தில் அணுக்கள் அணிவகுத்து நிற்கும், கண்ணாடியில் சந்தைக் கூட்டம் மாதிரி நிற்கும். அதனால் ஒவ்வொரு இரும்புக்கும் டயர் சீட்டின் உயரம் கொஞ்சம் முன்னே பின்னே. ஒருத்தருக்கு 1000, இன்னொருத்தருக்கு 1200. எல்லாம் சேர்ந்து அகன்ற ஒரு பட்டையையே விழுங்குகின்றன. கண்ணாடியின் ஒழுங்கின்மைதான் இங்கே நமக்கு லாபம். அந்தப் பட்டையின் வால் நம் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு வரை நீளும். சிவப்பு கொஞ்சம் போனால் மிச்சம் நீலம் கலந்து தெரியும். ஃபெரிக்கின் மஞ்சளோடு ஃபெரஸின் நீலம் சேர்ந்தால் பச்சை. சிவந்த மண்ணில் ஃபெரிக் அணுக்கள் ஒட்டி ஒட்டி இருப்பதால், பக்கத்து பஸ்ஸில் இருப்பவரும் சேர்ந்து திரும்பிக்கொண்டு விதியை ஏமாற்றிவிடுகிறார்கள். கண்ணாடியில் அவை தூரத்தில் தனித்தனியே நிற்பதால் அது நடப்பதில்லை.

இதனால் கண்ணாடி ஃபேக்டரிக்காரருக்கு எவ்வளவு இரும்பு என்பதோடு எந்த இரும்பு என்பதும் கவலை. உலையில் கொஞ்சம் கரித்தூள் போட்டால் ஃபெரஸ் கூடும், சூடு நன்றாகத் தடுபடும். அதையே அளவுக்கு மீறிச் செய்தால் உள்ளே இருக்கும் கந்தகம் இரும்போடு கூட்டு சேர்ந்து, கண்ணாடி பீர் பாட்டில் நிறத்துக்குப் போய்விடும். அதுமட்டுமா, ஃபெரஸ் உலையின் சூட்டையும் தின்னும். மேலே எரியும் தீயின் வெப்பம் அடிவரை போகாமல் உருகிய கண்ணாடிக் குழம்பு அடியில் ஆறிப்போகும். சூட்டைத் தடுக்கும் கண்ணாடி செய்யப்போய், அந்தக் கண்ணாடியே உலையின் சூட்டைத் தடுக்கிறது. உருகிய தகரத்தின்மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுச் சமதளமாக்கும் முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்தது. இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள். அந்த லைனில் ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு மாற நாள்கணக்கில் ஆகும்.

அமெரிக்க வேனின் கறுப்புக்கு இரும்பை மட்டும் கூட்டினால் போதாது, கரும்பச்சையாகத்தான் வரும். நீலம் கொடுக்கக் கோபால்ட், இளஞ்சிவப்பு கொடுக்கச் செலினியம். மூன்றும் மாறி மாறி ஒவ்வொரு நிறத்தையும் தின்றபிறகு மிச்சம் சாம்பல். கோபால்ட்டுக்கும் செலினியத்துக்கும் வெளிச்சத்தைத் தின்பதில்தான் ஆசை, சூட்டில் இல்லை. எனவே கறுப்பாகத் தெரிவதெல்லாம் குளிர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. சூட்டைப் பொறுத்தவரை ஆறாவது ஆள் எத்தனை பேர் என்பதுதான் கணக்கு.

முன்கண்ணாடி தனி ரகம். இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டியது. உடைந்தாலும் சிதறாமல் அந்தத் தாளிலேயே தொங்கும். மேலே நீலமாகவோ பச்சையாகவோ ஒரு பட்டை தெரிகிறதே, அது மட்டும் கண்ணாடியில் இல்லை, அந்தத் தாளில் ஏற்றிய சாயம். ஓரத்தில் கறுப்புப் புள்ளிகளாக இருப்பது கண்ணாடியில் சுட்டு ஏற்றிய பீங்கான் பூச்சு, ஒட்டும் பசை வெயிலில் கெடாமல் காக்க.

தின்ற சூடு எங்கே போகும்? கண்ணாடியே சூடாகிறது. ஓசூர் ரோட்டில் எண்பதில் போனால் வெளிக்காற்று அதைத் துடைத்துக்கொண்டு போய்விடும். மாங்காய் லோடுக்காக மண்டி வாசலில் இரண்டு மணிநேரம் நிறுத்திவைத்தால், அதே கண்ணாடி பாதிச் சூட்டை உள்ளேயும் கொடுக்கும். பச்சைக் கண்ணாடி ஓடுகிற வண்டிக்கு நண்பன், நிற்கிற வண்டிக்குப் பாதி நண்பன்.

இனி அந்தக் கணக்கு. கம்பெனிப் பச்சைக் கண்ணாடி 75 சதவீதம் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் "50 சதவீத ஃபிலிம்தான், சட்டப்படி சரி" என்று கடைக்காரர் ஒட்டுகிறார். இவை கூடுவதோ கழிவதோ இல்லை, பெருகும். முக்காலில் பாதி, 37.5. பக்கவாட்டுக்கு வேண்டிய 50க்கும் கீழே. நண்பர் மாட்டிக்கொண்டது இந்தப் பெருக்கலில்தான். கண்ணாடிக்குள் ஏற்கெனவே ஒரு ஆள் தின்றுகொண்டிருப்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

கறுப்பு ஒட்டினால் கண் படாது என்றும் ஒருவர் டீக்கடையில் சொன்னார். ஏற்கெனவே முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்குகின்றன, பின்னால் கறுப்புக் கயிறு. இரவில் சைக்கிளில் குறுக்கே வருபவரை ஓட்டுகிறவர் கண் பார்க்காமல் போவதுதான் எனக்குத் தெரிந்த பெரிய கண்ணேறு. இன்னொரு மனக்குறையும் உண்டு. நாலாயிரம் வருஷத்து இரும்பைப் பேசிப் பெருமைப்படும் மாவட்டத்தில், ஒரு கண்ணாடித் துண்டு எந்த நிறத்தை எவ்வளவு தின்கிறது என்று அளந்து காட்டும் கருவியை ஒரு பள்ளிப் பிள்ளையாவது தொட்டுப் பார்க்க வேண்டாமா? ஆராய்ச்சிக்கு நாடு செலவிடுவது மொத்த உற்பத்தியில் ஒரு சதவீதம்கூட இல்லை. அதில் பள்ளிக்கூடம் வரை சொட்டுவது எவ்வளவு இருக்கும்?

நண்பர் நேற்று கூப்பிட்டார். வேன் கண்ணாடியைப் பாதி இறக்கி, மேல் ஓரத்தை டார்ச் அடித்துப் பார்த்தாராம். "பச்சைதான் சார், பாசி மாதிரி." அமெரிக்க வேனின் கண்ணாடி ஓரத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லித் தங்கை மகனிடமும் கேட்டிருக்கிறார். அது அனேகமாகக் கறுப்பாகத்தான் இருக்கும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். படம் இன்னும் வரவில்லை, அங்கே இப்போது ராத்திரி.