மிச்ச விதை எங்கே?

மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தையில் நர்சரி வைத்திருக்கிறேன். பெயர்ப்பலகைகளில் பெஸ்தாரி ஜெயா என்றிருக்கும். 2007-இல் பெயர் மாறியது, எங்கள் வாய் இன்னும் மாறவில்லை. போன மாதம், பக்கத்துத் தோட்டத்திலிருந்து தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு, குடிவந்த அக்கா ஒருவர் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். மைலோ டின், ஈர மண், வேறொன்றும் இல்லை.

"மூனு வாரமாச்சு தம்பி, ஒன்னும் முளைக்கல."

என்ன விதை என்றேன். குன்றிமணி. கொடி வேலியில் படர்ந்தால் அழகாக இருக்கும் என்று இணையத்தில் பத்து விதை வாங்கியிருக்கிறார். தோல் கெட்டி, தேய்த்துப் போட்டால்தான் முளைக்கும் என்று யாரோ சொல்ல, நகம் தேய்க்கும் அரத்தை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மூன்று விதையைத் தேய்த்து நட்டிருக்கிறார். முளைப்பு விஷயத்தை அப்படியே விட்டுவிட்டு, "மிச்ச விதை எங்கேக்கா?" என்று கேட்டேன்.

அவருக்கு உடனே பதில் வரவில்லை.

விஷச்செடி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பயப்படுவதெல்லாம் செடியைப் பார்த்துத்தான். கிளையை ஒடிக்காதே, பாலைத் தொடாதே என்பார்கள். விதையோ டிஷ்யூவில் சுற்றி டிவி மேசை இழுப்பறைக்குள் கிடக்கும். என் அனுபவத்தில் வீட்டுக்குள் வரும் ஆபத்து பெரும்பாலும் அந்த இழுப்பறையில்தான் இருக்கிறது.

குன்றிமணியையே எடுத்துக்கொள்வோம். தட்டார்கள் பொன் நிறுத்த மணி, பாட்டிமார் பிள்ளையாருக்குக் கண் வைத்த மணி. அதற்குள் இருப்பது அப்ரின் என்ற புரதம். உடலின் செல்கள் புரதம் செய்வதையே அது நிறுத்திவிடும், மாற்றுமருந்து கிடையாது. முழு விதையை ஒரு குழந்தை விழுங்கினால், கெட்டித் தோல் காரணமாக அப்படியே வெளியேறிவிடவும் கூடும். ஆனால் கடித்தாலோ, துளை போட்டிருந்தாலோ, அரத்தால் தேய்த்திருந்தாலோ அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. அக்கா மேசையில் செய்தது அந்தத் தோலைத் திறந்த வேலைதான். தேய்த்த தூள் மூக்குக்குள் போவதும் நல்லதல்ல.

இன்னொரு சிக்கலும் நம் நாட்டில் உண்டு. பள்ளிக்கூடத்து மரத்தடியில் பிள்ளைகள் பொறுக்கும் சாகா விதை, அதாவது ஆனைக்குன்றிமணி, முழுச் சிவப்பு. 1985-இல் வந்த புரோட்டோன் சாகா காருக்குப் பெயர் கொடுத்ததும் அதுதான். அதைப் பொறுக்கிப் பழகிய பிள்ளை, கறுப்பு மூக்கு வைத்த குன்றிமணியைப் பார்த்தால் விடுமா? அதனால் நான் குன்றிமணி விற்பதில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அது வேண்டாம் என்றே சொல்வேன். அலங்காரத்துக்கு வளர்க்கும் சிவப்பு ஆமணக்கும் அப்படித்தான்: விதையில் ரைசின் என்ற விஷம். கடையில் வாங்கும் விளக்கெண்ணெயில் அது இல்லை என்பதால் விதையும் சாது என்று நினைத்துவிடுகிறார்கள்.

விதையிலிருந்து வளர்த்துப் பார்க்கவே வேண்டும் என்றால் பாலைவன ரோஜாவில், அதாவது அடேனியத்தில், தொடங்குங்கள். அதுவும் விஷம்தான். அரளிக் குடும்பம், அதன் பாலை ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் தடவினார்கள், இதயத் துடிப்பைக் குலைக்கும். ஆனால் விதையைத் தேய்க்க வேண்டாம், ஊறவைக்க வேண்டாம். புது விதையாக இருந்தால், நம் ஊர் வெயிலுக்கு ஒரு வாரத்துக்குள் தலைகாட்டும். சுட்ட உமியும் மணலும் கலந்து, விதையைப் படுக்கவைத்து, மேலே மெல்லிசாகத் தூவினால் போதும். மழை நேரடியாக விழாத இடமாக இருக்கட்டும். இங்கே நாற்று சாவது பெரும்பாலும் விஷத்தாலோ வெயிலாலோ இல்லை, அடித்தண்டு அழுகித்தான். நாலைந்து இலை வந்து மாற்றி நடும்போது வேர் அறுந்தால் பால் கசியும். அந்த நாளைக்குக் கையுறை, அப்புறம் சோப்புப் போட்டுக் கைகழுவல். பாத்திரம் கழுவும் கையுறையே போதும், ஆனால் அது பிறகு சமையலறைக்குத் திரும்பக் கூடாது. தாய்லாந்திலிருந்து நேராக விதை வரவழைப்பதானால் இறக்குமதி அனுமதி வேண்டும், இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

கையுறை பற்றி இவ்வளவு பேசும் நான் யோக்கியனில்லை. சில வருடங்களுக்கு முன்னால், கோயிலுக்கென்று வளர்த்த ஊமத்தையில் காய்ந்த முள்காய்களை வெறுங்கையால் உடைத்து விதை எடுத்தேன். நடுவில் வியர்வையைத் துடைக்கக் கண்ணைத் தேய்த்திருக்கிறேன். சாயங்காலம் நாளிதழ் எழுத்து கலங்கியது. கண்ணாடியில் பார்த்தால் ஒரு கண்பாவை மிளகளவு, இன்னொன்று கறுப்புப் பொத்தான் மாதிரி. கிளினிக்கில் டாக்டர் இரண்டு கையையும் தூக்கச் சொன்னார், சிரிக்கச் சொன்னார். பக்கவாதமோ என்று பார்த்திருக்கிறார். அப்புறம்தான் "என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டார். கண் டாக்டர்கள் பாவையை விரிக்கப் போடும் அட்ரோபின் சொட்டு மருந்தும் ஊமத்தையில் இருப்பதும் ஒரே சரக்கு. குணமாக இரண்டு நாள் ஆயிற்று.

ஊமத்தை விதையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், காய்ந்த மிளகாய் விதைக்கும் அதற்கும் அவசரத்தில் வித்தியாசம் தெரியாது. நாற்றும் கத்தரி நாற்று மாதிரி நிற்கும். ஆகவே ஒரே வரிசையில் மிளகாய் டின், ஊமத்தை டின் என்று வைக்காதீர்கள். டின்னில் பெயரோடு 'விஷம்' என்றும், கீழே மலாயில் 'ராச்சூன்' என்றும் எழுதுங்கள்; வீட்டுக்கு உதவிக்கு வருகிறவர்கள் எல்லாரும் தமிழ் படிப்பதில்லை. மார்க்கர் மை மூன்று மாத வெயிலில் வெளுத்துவிடும், பென்சில் நிற்கும்.

அரளிக் கழிவைக் கொளுத்த வேண்டாம், புகையும் ஆகாது. திறந்தவெளியில் எரிப்பது பொதுவாகக் குற்றமும்தான்.

யாராவது வாயில் போட்டுவிட்டால் துப்பச் சொல்லி, வாயைக் கொப்பளிக்க வைத்து, மிச்ச விதையையோ இலையையோ பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மயக்கம், மூச்சுத்திணறல் என்றால் 999. வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர், முட்டை வெள்ளை எதுவும் வேண்டாம். பிள்ளை நன்றாக விளையாடுகிறதே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். குன்றிமணியும் ஆமணக்கும் பல மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இருக்கிறது, டாக்டர்கள் அங்கே கேட்டுக்கொள்வார்கள். ஆனால் என்ன செடி என்று நீங்கள் சொன்னால்தான் அவர்கள் கேட்க முடியும்.

மறுநாள் அக்கா டிஷ்யூவில் சுற்றிய விதைகளோடு வந்தார். மேசையில் கொட்டி எண்ணினேன். ஆறு. பத்தில் மூன்று மண்ணில், ஏழு இருக்க வேண்டும். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். ஒன்றும் பேசாமல் மோட்டாரை எடுத்துக்கொண்டு போனார்.

இரவு எட்டரைக்கு அழைத்தார். சோபா அடியில் பார்த்து, தையல் மிஷின் பெட்டியில் பார்த்து, கடைசியில் மூன்று வயதுப் பேரனுடைய பொம்மை லோரியில் இருந்ததாம், செம்பனைப் பழம் ஏற்றிப்போகிற மாதிரி பின்னால் வைத்து ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.