பழைய வீட்டுக்கு விலை சொல்லுமுன்

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு பழைய வீட்டைக் காட்டி "எத்தினை வருசம்?" என்று கேட்டால், விற்கிறவர் ஒரு வருசத்தைச் சொல்லுவார். அந்த ஒரு வருசத்தை நம்பி விலை பேசக் கூடாது. இங்கே பல வீடுகளுக்கு மூன்று வயது. அத்திவாரம் எண்பதுகளில் போட்டதாயிருக்கும். சுவர் சண்டையில் பாதி விழுந்து, 2010க்குப் பிறகு எழுப்பியதாயிருக்கும். கூரையும் கதவும் அதற்கும் பிந்தியவை. பூசி, வர்ணம் அடித்த பிறகு எல்லாம் ஒன்றாகவே தெரியும். ஆனால் அந்த வீட்டைத் தாங்குவது அதன் மெலிந்த பகுதிதான். விலையையும் அந்தப் பகுதியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நான் கட்டடப் பொறியியலாளர். வாங்கப்போகிறவர்களுக்காக வீடு பார்த்துச் சொல்வதும் என் வேலைகளில் ஒன்று. என்னைக் கூப்பிடும் பலர் முற்பணம் கொடுத்த பிறகே கூப்பிடுகிறார்கள். "காசு குடுத்திட்டம், ஒருக்காப் போய்ப் பாருங்கோ அண்ணை" என்று கனடாவிலிருந்தோ பிரான்சிலிருந்தோ அழைப்பு வரும். அந்த நேரத்தில் நான் எதைச் சொன்னாலும் அவர்களுக்கு மிஞ்சுவது மனவருத்தம் மட்டுமே. ஊரில் இருக்கும் தாய் தகப்பனுக்கென்று இரவு பகலாய் உழைத்துச் சேர்த்த காசு அது. அது வீணாய்ப் போவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

சுவரைத் தட்டிப் பார்க்குமுன் காணியைப் பாருங்கள். வன்னியில் பெரும் பகுதி அரச காணி. முத்தையன்கட்டு, விசுவமடு, வட்டக்கச்சி, உருத்திரபுரம் என்று குடியேற்றத் திட்டங்களால் உருவான ஊர்களில் பலரிடம் இருப்பது காணியைச் சொந்தமாக்கும் உறுதிப்பத்திரம் அல்ல, அரசு கொடுத்த அனுமதிப்பத்திரமான பெர்மிட். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1935ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி பெர்மிட் காணியை நினைத்தபடி விற்க முடியாது. ஜெயபூமி, சுவர்ணபூமி போன்ற, அரசு வழங்கிய அளிப்புப் பத்திரம் இருந்தாலும் கைமாற்ற முன்கூட்டியே பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் செய்த கைமாற்றம் செல்லாது. இதெல்லாம் தெரிந்தும், சத்தியக் கடதாசி ஒன்றை முடித்துக்கொண்டு லட்சக்கணக்கில் கொடுக்கிறார்கள். வீடு எவ்வளவு உறுதியாய் இருந்தாலும் அது நிற்கும் நிலம் உங்கள் பெயருக்கு வராது என்றால், என் ஆலோசனை ஒன்றுதான். விலையே சொல்லாதீர்கள்.

உறுதிக் காணி என்றால் நொத்தாரிசைக் கொண்டு காணிப் பதிவகத்தில் முப்பது வருடப் பதிவுகளையாவது தேடச் சொல்லுங்கள். வடக்குத் தமிழருக்கான வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட காணியில், அதன் கூட்டுப் பங்காளிகளுக்கு வாங்கும் முன்னுரிமை உண்டு. அவர்களுக்கு முறைப்படி அறிவிக்காமல் முடித்த விற்பனை பின்னுக்கு வழக்காகும். அதே வழமையில் மணமான பெண் தன் பெயரிலுள்ள காணியை விற்கவும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். எங்கள் மாவட்டங்களில் கணவர் காணாமல் ஆக்கப்பட்டு, மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாமல் காத்திருக்கும் பெண்கள் எத்தனையோ பேர். அப்படி ஒருவர் விற்கிறார் என்றால் அவசரப்படுத்தி வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்காதீர்கள். கணவர் இருக்குமிடம் தெரியாத நிலையில் மாவட்ட நீதிமன்றத்தின் மூலம் அந்தச் சம்மதத்தைப் பெற வழி இருக்கிறது. காலம் எடுக்கும். ஆனால் அந்த வழியில் போனால்தான் அவருக்கும் நியாயம், உங்களுக்கும் பாதுகாப்பு.

இனி வீடு. நான் ஒரு வளவுக்குள் போனால் முதலில் கேட்பது "பங்கர் எந்தப் பக்கம் இருந்தது?" என்பதுதான். விற்பவரிடம் மட்டுமல்ல, பக்கத்து வீட்டிலும் கேட்பேன். சண்டைக் காலத்தில் செல்லுக்குப் பதுங்கப் பங்கர் வெட்டாத வளவு வன்னியில் அருமை. குசினிக்குப் பின்னால், வேப்பமரத்தடியில், சில இடங்களில் சுவரோடு ஒட்டியபடியே வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்டிருப்பார்கள். மீளக் குடியேறி வந்ததும் இடிந்த கல், தகரம், குப்பை எல்லாவற்றையும் அதற்குள் தள்ளி மண்ணால் மூடிவிட்டார்கள். யாரும் இடித்து இறுக்கி மூடவில்லை. அப்போது அதற்கு நேரமுமில்லை, வசதியுமில்லை. குற்றிகள் இருந்தால் அவை மண்ணுக்குள் மெல்ல மெல்ல உக்கிப்போகும். அதற்கு மேல் பிறகு குசினியையோ குளியலறையையோ நீட்டிக் கட்டியிருந்தால் நிலம் கீழே இறங்கத் தொடங்கும்.

அதன் அடையாளம் தெளிவானது. பழைய சுவரும் புதிய சுவரும் சேரும் இடத்தில் ஒரு வெடிப்பு, கீழே தலைமயிர் அளவு, மேலே போகப் போக விரல் நுழையும் அளவு. தரையில் ஒரு போளையை வைத்தால் ஒரு மூலைக்கே உருண்டு போகும். விசுவமடுப் பக்கம் இப்படியொரு வீட்டில் விற்பவர் "பூச்சு விட்டதுதான் தம்பி" என்றார். வேலிக்கு அங்கால் நின்ற வயதான அம்மா, "உந்தக் குசினி நிக்கிற இடத்திலதான் நாங்களும் ஓடிவந்து பதுங்கினது" என்றார். சுவரோரம் நிலத்தை நனைத்துவிட்டு அரை அங்குலக் கம்பியைக் குத்தினோம். இரண்டடிக்குக் கம்பி கையால் தள்ளவே இறங்கியது. நாலு முழம் தள்ளிக் குத்தினால் அரையடிக்கு மேல் இறங்க மறுத்தது. இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும். மூடிய பங்கரையோ பாழ்கிணற்றையோ ஆழமாகக் கிளறாதீர்கள். கண்ணிவெடி அகற்றிய பகுதி என்றாலும், துருப்பிடித்த இரும்புத் துண்டு எதையாவது கண்டால் கை வைக்காமல் விலகி 119க்கு அறிவியுங்கள்.

அடுத்தது கூரையில்லாமல் நின்ற காலம். 2008இன் கடைசியிலும் 2009இன் தொடக்கத்திலும் சனம் கிழக்கே நகர்ந்தபோது வீடுகள் அப்படியே விடப்பட்டன. திரும்பி வந்தபோது பலருடைய வீட்டில் ஓடும் இல்லை, பாலை மர வளையும் இல்லை, நிலையும் கதவும் இல்லை. வெறும் சுவர் இரண்டு மூன்று மாரி மழையில் நனைந்து நின்றது. கொங்கிறீற்றுக்குள் ஈரம் இறங்கினால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அது வீங்கி, மூடியிருக்கும் கொங்கிறீற்றைத் தள்ளி உடைக்கும். வந்தவர்கள் உடைந்த இடத்தைப் பூசிவிட்டுக் கூரை போட்டார்கள். உள்ளே துரு நிற்கவில்லை. ஆகவே யன்னல்களுக்கு மேலுள்ள கொங்கிறீற்று வளையங்களையும் (விட்டங்களையும்), வெளியே நீட்டிய தட்டுகளையும், விறாந்தைத் தூண்களையும் சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல கொங்கிறீற் கணீரென்று கேட்கும். உள்ளே பிரிந்திருந்தால் வெறும் பெட்டியைத் தட்டின சத்தம் வரும். கம்பியின் நீளத்துக்கு நேர்கோடாக ஓடும் வெடிப்பும், அதிலிருந்து வழியும் செந்நிறக் கறையும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். செல் துண்டு பட்ட தூண்களில் ஓட்டையை மட்டும் சீமெந்தால் அடைத்திருப்பார்கள். உள்ளே கம்பி அறுந்திருக்கிறதா என்று ஒரு இடத்திலாவது கொத்திப் பார்க்க உரிமையாளரிடம் கேளுங்கள். மறுத்தால், அந்தத் தூணை இல்லாததாகக் கணக்கிட்டு விலையைச் சொல்லுங்கள்.

வீட்டுத்திட்ட வீடுகள் இப்போது சந்தைக்கு வரத் தொடங்கியிருக்கின்றன. இந்திய வீட்டுத் திட்டத்தில் 2012இலிருந்து ஐந்தரை லட்சம் ரூபாய் கட்டம் கட்டமாகக் கொடுத்து, 550 சதுர அடி அளவில் உரிமையாளர்களே கட்டினார்கள். ஒரே காலத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் எழும்பியபோது மணலுக்கும் மேசனுக்கும் தட்டுப்பாடு வந்தது. சுவருக்குச் சீமெந்துக் கல் அரிந்தவர்களில் (வார்த்தவர்களில்) சிலர் சீமெந்தைக் குறைத்தார்கள். பூசாத பின்சுவரில் ஒரு ஆணியால் கீறிப் பாருங்கள். கோடு மட்டும் விழுந்தால் நல்லது. மணலாய்க் கொட்டினால், மேலே இன்னொரு மாடி என்ற கனவை அங்கேயே விட்டுவிடுங்கள். அந்த வீடுகளைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. தறப்பாள் கொட்டிலில் இருந்துகொண்டு, கடன்பட்டு, தாங்களே மண் சுமந்து கட்டிய சனத்தின் உழைப்பு அது. ஒற்றை மாடிக்கென்று கட்டியதை ஒற்றை மாடியாகவே மதியுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

கறையானைப் பற்றி நீட்டத் தேவையில்லை. நிலையின் அடியிலும் சுவரோடு சேரும் வளை நுனியிலும் ஸ்குறூ ட்றைவரால் அழுத்திப் பாருங்கள், தெரிந்துவிடும். முல்லைத்தீவுக் கரையோரம் என்றால் கடல்மணல் கலந்து கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். சுவரின் கீழ்ப்பகுதியில் வெள்ளையாக உப்புப் பூத்து, பூச்சு மாவாய் உதிரும். பழைய அஸ்பெஸ்ரஸ் சீற்றை மாற்ற வேண்டியிருந்தால் அதை உடைக்காமல் நனைத்துக் கழற்ற ஆள் வேண்டும். அந்தக் கூலியையும் கணக்கில் எடுங்கள்.

வெடிப்பை எந்த மாதத்தில் பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். மன்னார் மாவட்டத்து முருங்கன் பக்கத்துக் கருங்களி மண் கோடையில் சுருங்கி மாரியில் பொருமும். ஆவணியில் வாய்பிளந்த வெடிப்பு மார்கழியில் மூடியே இருக்கும். அப்படியான மண்ணில், பூசி முடித்த புதுச் சுவரை மாரியில் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். மாறாக, வெள்ளம் வருமா என்பது கோடையில் தெரியாது. 2018 மார்கழியில் இரணைமடுக் குளம் வான்பாய்ந்து கண்டாவளைப் பக்கம் வெள்ளத்தில் கிடந்தது. அப்போது தண்ணீர் எதுவரை ஏறியது என்று அயலவர்கள் சுவரில் கை வைத்தே காட்டுவார்கள்.

கிணறு வீட்டின் பாதிப் பெறுமதி. மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் ஐம்பது அடியாவது இருக்கிறதா என்று நடந்து அளவுங்கள். வவுனியாப் பக்கத்தில் நிலத்தடி நீரில் புளோரைட் கூடுதலாய் இருப்பதும், சிறுநீரக நோய் பரவியிருப்பதும் தெரிந்த விடயம். இலங்கைத் தரநியமப்படி குடிநீரில் புளோரைட் லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையில் ஒரு போத்தல் தண்ணீரைக் கொடுத்துப் பரிசோதிக்க ஆகும் செலவு, வீட்டு விலையில் ஒரு தூசு. பிள்ளைகளும் வயோதிபரும் குடிக்கப்போகும் தண்ணீர் அது. தயவுசெய்து இதைத் தவிர்க்காதீர்கள்.

எல்லாம் பார்த்தாயிற்று, எவ்வளவு சொல்வது? அதே வட்டாரத்தில் வெறுங்காணி என்ன விலைக்குப் போகிறது என்பதை முதலில் அறியுங்கள். அதற்கு மேல் கேட்கும் காசுதான் வீட்டின் விலை. கூரை, கம்பி துருப்பிடித்த பகுதிகள், மலசலகூடம், மின்கம்பி என்று திருத்த வேண்டியவற்றுக்கு உள்ளூர் மேசனிடமும் தச்சரிடமும் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, அதிலிருந்து கழியுங்கள். 2022இல் பொருள் விலை ஏறிய பிறகு பழைய மதிப்பீடுகள் எதுவும் உதவாது. கழித்தால் ஒன்றும் மிஞ்சாத வீடுகளும் உண்டு. அவற்றுக்குக் காணி விலையை மட்டும் சொல்லுங்கள், இடிக்கும் செலவையும் குறைத்துக்கொண்டு. உரித்துத் தெளிவில்லாத காணியோ, இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும் அத்திவாரமோ என்றால் விலகிவிடச் சொல்வேன். மற்றக் குறைகள் பெரும்பாலும் காசாலும் நேரத்தாலும் தீரக்கூடியவை.

அத்திவாரம் இறங்குவது நின்றுவிட்டதா என்று தெரியாவிட்டால், வெடிப்புக்குக் குறுக்கே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டைச் சீமெந்தால் ஒட்டித் திகதி எழுதிவிட்டு ஒரு மாரி முடியும்வரை பொறுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது. விற்பவர் பொறுக்க மாட்டார் என்றால், முற்பணத்தைச் சிறிதாக்கி, காணிப் பதிவிலோ பிரதேச செயலக அனுமதியிலோ கட்டடப் பரிசோதனையிலோ குறை வந்தால் அது திரும்பக் கிடைக்கும் என்று நொத்தாரிசு முன்னிலையில் எழுதுங்கள். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்க, அவர் கொடுத்த அற்றோணித் தத்துவத்தில் (அவருக்காகச் செயற்படும் அதிகாரப் பத்திரத்தில்) இன்னொருவர் விற்றால், அந்தத் தத்துவம் பதியப்பட்டதா, இன்னும் நடைமுறையில் இருக்கிறதா என்று பார்த்து, உரிமையாளரோடு நேரே வீடியோவில் கதைத்த பிறகே முற்பணத்தைக் கொடுங்கள்.