அதிக ரத்தப்போக்குக்கு மாத்திரை: அட்டை காலியாகுது, ரத்தம் நிக்கலையே ஏன்?

"டாக்டர், இந்த மாத்திரை எனக்கு கேக்கவே மாட்டேங்குது"ன்னு சொல்லி, ஒரு அம்மா பைக்குள்ள இருந்து டிரானெக்சாமிக் ஆசிட் அட்டையை எடுத்து மேஜைல வச்சாங்க. பத்துல எட்டு காலி. எப்படி சாப்பிட்டீங்கன்னு கேட்டா, பீரியட்ஸ்ல ரொம்ப போற அன்னைக்கு ராத்திரி ஒண்ணு, மறுநாள் பயத்துல இன்னொண்ணு, அப்புறம் கொஞ்சம் குறைஞ்ச மாதிரி தெரிஞ்சா விட்டுடுவாங்களாம், இப்படியே நாலு மாசம் ஓடியிருக்கு.

மாத்திரை மேல தப்பில்லைங்க. பீரியட்ஸ் சமயத்துல கர்ப்பப்பையோட உள்சுவர் உரியும்போது திறந்துக்கிற சின்னச் சின்ன ரத்தக்குழாய்களை உறைஞ்ச ரத்தம்தான் அடைச்சு நிறுத்துது, ஆனா அந்த அடைப்பை கரைக்கிறதுக்கும் நம்ம உடம்புலயே பிளாஸ்மின்னு ஒரு என்சைம் இருக்கு, அதிகமா போறவங்க நிறைய பேருக்கு இந்த கரைக்கிற வேலை கொஞ்சம் ஓவரா நடக்கும். இந்த மருந்து அதைத்தான் தடுக்குது. ஜப்பான்ல உடாகோ ஒகாமோட்டோங்கிற பெண் டாக்டரும் அவங்க கணவரும் 1962-ல வெளியிட்ட கண்டுபிடிப்பு இது, பிரசவத்துல ரத்தம் போயே பெண்கள் சாகறதை தடுக்கணும்னுதான் உடாகோ இதுல இறங்கினாங்க.

ஆனா இந்த மருந்து சாப்பிட்ட சில மணி நேரத்துல கிட்னி வழியா வெளிய போயிடும். அதனாலதான் வழக்கமா 500 மில்லிகிராம் மாத்திரை ரெண்டு ரெண்டா, ஒரு நாளைக்கு மூணு வேளை, ரத்தம் நல்லா போக ஆரம்பிச்சதும் தொடங்கி நாலஞ்சு நாள் வரைக்கும்தான்னு எழுதிக் கொடுக்கிறோம். ஒழுங்கா சாப்பிட்டா போக்கு பாதி அளவுக்குக்கூட குறையும், சுத்தமா நிக்காது, நிக்கணும்னு எதிர்பார்க்கவும் கூடாது. இது ஹார்மோன் மாத்திரை இல்ல, பீரியட்ஸை தள்ளிப்போடாது, கர்ப்பத்தையும் தடுக்காது, வயித்து வலிக்கும் கேக்காது.

இப்ப நான் பயப்படுற விஷயத்துக்கு வரேன். பக்கத்து வீட்டு அக்காவுக்கு கேட்டுச்சுன்னு நீங்களா வாங்கி போடாதீங்க, ப்ளீஸ். கால்லயோ நுரையீரல்லயோ முன்னாடி ரத்தம் கட்டினவங்க, ஸ்ட்ரோக், ஹார்ட் அட்டாக் வந்தவங்க, ஃபிட்ஸ் வர்றவங்க, கிட்னி பிரச்சினை இருக்கிறவங்க, ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிடறவங்க, இவங்க எல்லாரும் அதை டாக்டர்கிட்ட வாய்விட்டு சொல்லியே ஆகணும். நாள் தள்ளிப்போய் ரத்தம் போனா முதல்ல கர்ப்பமான்னு பார்க்கணும். பீரியட்ஸ் நின்னு ஒரு வருஷம் கழிச்சு ஒரு சொட்டு பட்டாலும் மாத்திரை போட்டு மூடி வைக்கக்கூடாது, புற்றுநோய் இல்லைன்னு உறுதி பண்ணணும். மணிக்கு ஒரு பேட் நனைஞ்சுக்கிட்டே இருக்கு, தலை சுத்துதுன்னா மாத்திரைய தேடாதீங்க, நேரா எமர்ஜென்சிக்கு போங்க.

அந்த அம்மாவுக்கு ஸ்கேன் பண்ணினோம், கர்ப்பப்பையோட உள்பக்கமா நீட்டிக்கிட்டு ஒரு ஃபைப்ராய்டு கட்டி. ஹீமோகுளோபின் 12-க்கு மேல இருக்கணும், அவங்களுக்கு 7.2. மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கலையான்னு கேட்டேன். வாங்குது டாக்டர், வயசாயிடுச்சுல்லன்னு சொன்னாங்க. அவங்க வயசு 41.