டைவ் கம்ப்யூட்டருக்குள் ஊறும் கொண்டைக்கடலை

"அந்தமானின் ஹேவ்லாக் தீவில் ஓபன் வாட்டர் என்கிற ஆரம்பநிலை ஸ்கூபா டைவிங் கோர்ஸ் முடித்துவிட்டேன். கடலுக்கடியில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று சொல்லும் டைவ் கம்ப்யூட்டர் ஒன்றைச் சொந்தமாக வாங்கலாம் என்று பார்த்தால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் விலை மடங்கு மடங்காக வித்தியாசப்படுகிறது, எதை வாங்குவது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். மாடல் பெயரைச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்ளலாம்தான். ஆனால் அது உள்ளே என்ன செய்கிறது என்று தெரியாமல் வாங்குகிறவர்கள் அதைத் தாயத்து மாதிரி கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள், எனக்கு அதுதான் பயம்.

அடிப்படை உங்களுக்குத் தெரிந்ததே. கடலில் 10 மீட்டருக்கு 1 பார் அழுத்தம் கூடும், 30 மீட்டரில் மொத்தம் 4 பார். சுவாசிக்கும் காற்றில் சுமார் 79 சதவீதம் நைட்ரஜன், அழுத்தம் கூடக்கூட அது உடம்பில் அதிகமாகக் கரையும், அவசரமாக மேலே வந்தால் குமிழாகும். சோடா பாட்டில் கதை.

சரி, மணிக்கட்டில் இருக்கும் கருவி இதில் எதை அளக்கிறது? அழுத்தத்தையும் நேரத்தையும்தான். உங்கள் ரத்தத்தை அது பார்க்கவே இல்லை. நேற்று ராத்திரி தூங்கினீர்களா, தண்ணீர் குடித்தீர்களா, வயது 25-ஆ 55-ஆ, எதுவும் தெரியாது. அப்புறம் எப்படி "இன்னும் 12 நிமிடம் இருக்கலாம்" என்று சொல்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அடுப்படியில் அவலையும் அரிசியையும் கொண்டைக்கடலையையும் ஒரே நேரத்தில் தண்ணீரில் போடுங்கள். அவல் சில நிமிடத்தில் ஊறிவிடும், அரிசிக்குச் சில மணி நேரம், கடலைக்கு ஒரு ராத்திரி. மூடியைத் திறந்து பார்க்காமலே, கடிகாரத்தை வைத்தே எது எவ்வளவு ஊறியிருக்கும் என்று சொல்லிவிடலாம் அல்லவா? டைவ் கம்ப்யூட்டர் உங்கள் உடம்பை இப்படிப் பல கற்பனைப் பாத்திரங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு அரை நேரம் உண்டு, அதாவது பாக்கி இருக்கிற வித்தியாசத்தில் பாதி நிரம்ப ஆகும் நேரம். 1908-இல் உடலியல் ஆராய்ச்சியாளர் ஹால்டேனும் அவரோடு பாய்காட், டேமன்ட் இருவரும் வெளியிட்ட கட்டுரையில் 5, 10, 20, 40, 75 நிமிடம் என்று ஐந்து பாத்திரங்கள். பிறகு சூரிச்சில் ஆல்பர்ட் ப்யூல்மன் உருவாக்கிய கணக்கில் அவை 16 ஆயின, மிக மெதுவானதற்கு அரை நேரம் 635 நிமிடம்.

கொஞ்சம் கணக்குப் போடலாம். 30 மீட்டருக்குச் சட்டென்று இறங்கிவிட்டீர்கள் என்று வையுங்கள். நைட்ரஜன் அழுத்தம் மேலே 0.79 பார், கீழே 3.16. எட்டு நிமிடப் பாத்திரம் (அரை நேரம் எட்டு நிமிடமாக உள்ளது) 8 நிமிடத்தில் பாதி தூரம் வந்து 1.97-ஐத் தொடும், 16 நிமிடத்தில் 2.57. அதே 16 நிமிடத்தில் 80 நிமிடப் பாத்திரம் 1.1 பாரைத்தான் எட்டியிருக்கும், கடலை இன்னும் கல் மாதிரி. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இவ்வளவு வரைக்கும் நிரம்பினால் நேராக மேலே வரலாம் என்று ஓர் எல்லை உண்டு. ப்யூல்மன் கணக்கில் எட்டு நிமிடப் பாத்திரத்துக்கு அது கடல் மட்டத்தில் சுமார் 2.5 பார். ஆக 16 நிமிடம் ஆகும்போது நேரம் முடிந்தது. பதினாறு பாத்திரங்களில் எது முதலில் எல்லையைத் தொடப்போகிறதோ அதன் பாக்கி நேரம்தான் திரையில் நீங்கள் பார்க்கும் எண். வடிவதும் இதே வேகத்தில்தான். கரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் எட்டு நிமிடப் பாத்திரம் ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிடும், 80 நிமிடப் பாத்திரம் பாதிகூட வடிந்திருக்காது. மூன்றாம் நாள், நான்காவது டைவில் நேரம் குறைத்துக் காட்டுகிறதே என்று கடுப்பாகாதீர்கள், மெதுவான பாத்திரங்கள் நாள் கணக்கில் ஊறியிருக்கின்றன.

இந்த எல்லைகளை இயற்கை எழுதி வைக்கவில்லை. ஹால்டேன் ஆடுகளை அழுத்த அறைக்குள் விட்டு, வெளியே எடுத்ததும் எந்த ஆடு முன்னங்காலை மடக்கித் தூக்குகிறது என்று பார்த்தார். பிரிட்டிஷ் கடற்படை நிர்வாகத்துக்காக நடந்த வேலை அது. இதனால் உடனே என்ன லாபம் என்று கேட்டு ஆராய்ச்சிப் பணத்தை வெட்டுகிறவர்கள் இந்த ஆடுகளை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும். இலங்கையின் வடக்கில் சிலிண்டர் கட்டிக்கொண்டு ஒரே நாளில் பலமுறை இறங்கிக் கடலட்டையும் சங்கும் எடுக்கிறவர்களின் உடம்பைப் பற்றியும் இதே மாதிரிப் பொறுமையான ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் ஆசை. அந்தக் காலத்து மன்னார் முத்துக்குளிப்பில் சுறாவை மந்திரத்தால் கட்ட 'கடல் கட்டி' என்று ஒருவரைக் கூலி கொடுத்து வைத்திருந்தார்கள். இன்றைக்கும் டைவுக்குப் பிறகு தோள் வலித்தால் வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அது நைட்ரஜன் குமிழாக இருக்கலாம். உடனே ஆக்சிஜன் கொடுத்து மருத்துவரிடம் போக வேண்டும்.

இப்போது வாங்கும் விஷயம். ஒருமுறை நானும் நண்பனும் பக்கத்துப் பக்கத்தில் 28 மீட்டரில் இருந்தோம், இரண்டாவது டைவ். என் திரையில் 3 நிமிடம், அவன் திரையில் 9. இரண்டும் நல்ல கருவிதான், கணக்கு வேறு. குறைவான எண்ணைக் காட்டி மேலே போகலாம் என்று கட்டைவிரலை உயர்த்தினேன். ஷியர்வாட்டர் பெரிக்ரின் போன்றவை ப்யூல்மன் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு, எல்லையில் எத்தனை சதவீதம் வரை போகலாம் என்பதை உங்களிடமே விடுகின்றன. 95 என்று வைத்தால் 30 மீட்டரில் முதல் டைவுக்குச் சுமார் 15 நிமிடம், 75 என்று வைத்தால் ஏறக்குறைய 9. சூன்டோ ஸூப் நோவோ மாதிரியானவை வேறு கணக்கில் ஓடுகின்றன, அடுத்தடுத்து டைவ் செய்தால் நேரத்தை நன்றாகவே குறைக்கும். எனக்கு அதில் குறையே தெரியவில்லை. வருடத்துக்குப் பத்து டைவ் போகிறவருக்கு அது தாராளமாகப் போதும், ஆக்சிஜன் கூடுதலான நைட்ராக்ஸ் காற்றுக்கும் கணக்குப் போடும், பேட்டரியையும் நாமே மாற்றலாம்.

கூடுதல் பணம் எதற்குப் போகிறது என்றால் வண்ணத் திரைக்கும், சிலிண்டர் அழுத்தத்தைக் கம்பியில்லாமல் காட்டும் வசதிக்கும், பல வாயுக் கலவைகளுக்கும்தான். அதில் முதலாவதுக்குத்தான் நான் பணம் கொடுப்பேன், அதுவும் வெள்ளெழுத்து வந்த பிறகு. கடையில் கண்ணாடி இல்லாமல், கையை நீட்டி, மங்கிய வெளிச்சத்தில் அந்த எண்ணைப் படித்துப் பாருங்கள். அவரவர் உடம்புக்கு அவரவர் கம்ப்யூட்டர், இரண்டு பேருக்கு ஒன்று போதும் என்ற பேச்சே வேண்டாம். பேட்டரி மாற்றும்போது மூடியில் தண்ணீர் புகாமல் தடுக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தை விரலில் எடுத்து வெளிச்சத்தில் ஒரு சுற்று திருப்பிப் பாருங்கள், ஒரே ஒரு தலைமுடி ஒட்டியிருந்தாலும் உப்புத் தண்ணீர் உள்ளே வந்துவிடும்.